அரைக்கட்டை ஏத்துங்க டீச்சர்

அக்கா, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கலாமா? எனக்காக இல்ல, இந்த லேப்டாப்புக்காக. தூசி பட்டா இதுக்கு ஆகாது. எங்க போனாலும் இதை மடியிலயே வச்சுக்கிட்டுத்தான் போவேன். ஒரு தடவை மேல் பலகையில வச்சேன், யாரோ புண்ணியவான் இது மேல பலாப்பழத்தை ஏத்தி வச்சிட்டார். அன்னிக்கு நான் போட்ட சத்தத்துல பஸ்ஸே நின்னுடுச்சு.

திருச்சிக்கா போறீங்க? நானும் திருச்சிதான். அண்ணன் வீடு. டிக்கெட்டும் திருச்சிக்குத்தான் எடுத்திருக்கேன், இந்தா பாருங்க. இதை எதுக்கு உங்ககிட்ட காட்டுறேன்னு நினைப்பீங்க. சொல்றேன்.

முதல்ல ஒரு உதவி பண்ணுங்க. டிரைவர் சீட்டுக்குப் பின்னால சந்தனக் கலர் சட்டை போட்டு ஒருத்தர் உக்காந்திருக்கார்ல, அவரைப் பார்க்காதீங்க. ஐயோ, பார்க்காதீங்கன்னா உடனே எட்டிப் பார்க்கறீங்களே. அவர் பேரு கஜேந்திரன். எங்க ஸ்கூல் பி.டி. சார். சொந்த ஊர் மணப்பாறை. சனிக்கிழமை ஆனா இந்த பஸ்லதான் ஊருக்குப் போவார். நான் இந்த பஸ்ல வர்றது அதுக்காக இல்ல. கூட்டம் கம்மியா இருக்கும்னு வர்றேன். இன்னிக்குத்தான் என்னமோ இப்படி நிக்க இடமில்லாம ஏறியிருக்காங்க. போன வாரமும் இப்படித்தான் இருந்துச்சு. அதுக்கு முந்தின வாரமும்.

விஷயம் என்னன்னா, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்துட்டு அவர் என்கிட்ட ஒண்ணு கேட்டுட்டார். கேட்ட விதத்தைச் சொல்றேன், கேளுங்க. "மணப்பாறையில எங்கம்மா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிப்பாங்க டீச்சர். உங்களுக்குச் சம்மதம்னா அங்க இறங்குங்க. இல்லன்னா அப்படியே திருச்சிக்குப் போங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்." இவ்வளவுதான். சொல்லிட்டு முன்னாடி போய் உக்காந்தவர்தான், இன்னும் திரும்பல. ஏதோ ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் கொடுக்கச் சொல்ற மாதிரி கேட்டுட்டுப் போயிட்டார்.

முடியாதுன்னுதான் சொல்லப் போறேன். திருச்சிக்கே போயிடப் போறேன். அந்த மனுஷனால நான் பட்ட பாடு அப்படி. நீங்க பெரியவங்க, முன்னப்பின்ன என்னைத் தெரியாதவங்க, அதனால நியாயமாச் சொல்வீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

நான் மியூசிக் டீச்சர் அக்கா. வசுமதி. வேடசந்தூர் பக்கத்துல ஒரு மெட்ரிகுலேஷன் ஸ்கூல். பாட்டு கிளாஸுக்குன்னு ஒரு கீபோர்டு கொடுத்தாங்க. அதுல பாதிக் கட்டை அமுங்கினா எழுந்திரிக்காது, மீதிக் கட்டை அமுங்கவே அமுங்காது. அதனால நானே இந்த லேப்டாப்ல மியூசிக் சாஃப்ட்வேர் போட்டுக் கத்துக்கிட்டேன். பிரேயர் பாட்டு, ஆண்டு விழாப் பாட்டு, எல்லாத்துக்கும் புல்லாங்குழல், வயலின், டிரம்ஸ்னு இதுக்குள்ளயே வச்சு வாசிச்சிடுவேன்.

இருங்க, திறந்தே காட்டுறேன். இந்தக் கட்டம் கட்டமாத் தெரியுதுல்ல, பச்சைக் குச்சி குச்சியா, ஒவ்வொண்ணும் ஒரு ஸ்வரம். மேல இருந்தா மேல் ஸ்வரம், கீழ இருந்தா கீழ் ஸ்வரம். குச்சி நீளமா இருந்தா நீட்டிப் பாடும், சின்னதா இருந்தா வெடுக்குன்னு நிறுத்தும். ஒரு பாட்டுன்னா ஆயிரக்கணக்குல குச்சி கிடக்கும். ஒவ்வொண்ணையும் பிடிச்சுத் திருத்திட்டிருந்தா எனக்குத் தலை நரைச்சிடும். அதுக்குத்தான் மவுஸால இப்படி இழுத்து ஒரு பெட்டி போடணும். பெட்டிக்குள்ள மாட்டினதெல்லாம் சிவப்பா மாறுதா? இப்ப ஒண்ணுக்குச் செய்யறதை எல்லாத்துக்கும் சேர்த்துச் செய்யும். சத்தத்தைக் குறைன்னா எல்லாம் குறையும். தாளத்துக்கு நேரா நில்லுன்னா ஓடிவந்து எல்லாம் கோட்டுல நிக்கும். கண்ட்ரோலும் ஏ-வும் அமுக்கினா பெட்டியே போட வேண்டாம், பாட்டு மொத்தமும் கைக்குள்ள வந்துடும். மேல் அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினா பாட்டு மொத்தமும் சுருதியில அரைக்கட்டை ஏறிடும். முதல் தடவை அதைப் பார்த்த அன்னிக்கு நான் சாப்பிடக்கூடப் போகல அக்கா. ஏத்தறதும் இறக்கறதுமா விளையாடிட்டே இருந்தேன்.

அப்பத்தான் இந்த மனுஷன் தண்ணி குடிக்கறேன்னு மியூசிக் ரூமுக்கு வந்தார். கிரவுண்டுலயே குழாய் இருக்கு. என் பானைத் தண்ணிதான் வேணுமாம். பின்னால நின்னு பார்த்துட்டு, "நானும் இதைத்தான் டீச்சர் பண்றேன். ஒரு விசில் ஊதினா ஸ்கூலே நேரா நிக்கும். என்ன, என் பிள்ளைங்களுக்கு மூக்கு ஒழுகும்"னார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. வேலை நேரத்துல சிரிக்க வைக்கறது என்ன பழக்கம், சொல்லுங்க.

அதுல இன்னொண்ணு. எல்லாக் குச்சியையும் ரொம்ப நேரா நிக்க வச்சா பாட்டு செத்துப்போகும். அதனால நேரா நிறுத்தினதுக்கப்புறம் நான் அங்கொண்ணு இங்கொண்ணு லேசாத் தள்ளிவிடுவேன். அதையும் பார்த்துட்டு அவர் தலையாட்டினார். மறுநாள் ஜன்னல் வழியாப் பார்க்கறேன், எல்லா வகுப்பும் கயிறு பிடிச்ச மாதிரி நிக்குது, எல்.கே.ஜி. வரிசை மட்டும் பாம்பு மாதிரி நெளியுது. அவர் அதைச் சரிபண்ணவே இல்ல. குனிஞ்சு ஒரு குட்டிப் பையனுக்கு ஷூ லேஸ் கட்டி விட்டுட்டிருந்தார். மியூசிக் ரூம் ஜன்னல் கிரவுண்டைப் பார்த்து இருக்கு அக்கா, அதனால கண்ணுல பட்டுது. வேணும்னு ஒண்ணும் பார்க்கல.

வந்துட்டேன், விஷயத்துக்கு வந்துட்டேன்.

இந்த வருஷத்தோட எங்க ஹெச்.எம். பத்மாசனி மேடம் ரிட்டையர் ஆனாங்க. அவங்க வராண்டாவுல நடந்து வந்தா மின்விசிறிகூட மெதுவாச் சுத்தும். அவங்க அழுது யாரும் பார்த்ததில்ல, சிரிச்சும் பார்த்ததில்ல. அதே நேரத்துல எங்க கரஸ்பாண்டென்ட் சாருக்கு ஒரு யோசனை வந்துடுச்சு. ஜூன்ல இருந்து பாட்டு பீரியடை எடுத்துட்டு அபாகஸ் வைக்கலாம்னு. பாட்டால என்ன மார்க்கா வருதுன்னு கேட்டார். பாட்டு போனா நான் போகணும். திருச்சிக்கு, அண்ணன் வீட்டுக்கு, அண்ணி மூஞ்சியில முழிச்சுக்கிட்டு.

எனக்கு அந்த ஸ்கூலை விட மனசே இல்ல அக்கா. எதுக்குன்னா, அந்த ஊர்த் தண்ணி எனக்கு ஒத்துக்கிச்சு. கேன்டீன்ல வாழைக்காய் பஜ்ஜி நல்லாயிருக்கும். அப்புறம் அந்த ஜன்னல். நல்ல காத்து வரும்.

நான் கரஸ்பாண்டென்ட் சார்கிட்ட போய்க் கெஞ்சினேன். கடைசியில அவர் ஒரு வார்த்தை சொன்னார். மேடத்துக்குப் பிரிவு உபசார விழா வைக்கறோம், அதுக்கு ஒரு பாட்டு போடுங்க, மேடம் கண்ணுல தண்ணி வந்துட்டா பாட்டு பீரியட் இருக்கும், வரலைன்னா அபாகஸ். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். ஆனா அவர் சொன்னா சொன்னதுதான்.

தமிழய்யா பாட்டு எழுதினார். 'கலங்குது கலங்குது கண்கள், எம்மைக் காத்தவர் போகின்றார் இன்று'ன்னு ஆரம்பம். நான் மெட்டு போட்டேன். அக்கா, என் வாயால சொல்லக் கூடாது, கல்லும் கரையும். பல்லவி வரைக்கும் வெறும் புல்லாங்குழலும் வயலினும். சரணத்துலதான் டிரம்ஸ் மெல்ல வரும், டப்... டப்புன்னு, நெஞ்சு அடிச்சுக்கற மாதிரி. ஒவ்வொரு அடி ஆரம்பத்துலயும் ஒரே ஒரு கிலுகிலுப்பைச் சத்தம், பெருமூச்சு மாதிரி. போட்டு முடிச்சுட்டு நானே கேட்டு அழுதேன்.

பாடறதுக்கு ஸ்டாஃப்ல எல்லாரையும் பாட வச்சுப் பார்த்தேன். கணக்கு டீச்சர் பாடினா கணக்கு கேக்கற மாதிரியே இருக்கு. கடைசியில பார்த்தா பி.டி. சாருக்குத்தான் குரல். அந்தக் கரடுமுரடான உடம்புக்குள்ள இப்படி ஒரு வெல்லம் மாதிரிக் குரலை யார் வச்சாங்களோ. ரிகர்சல்னு தினமும் சாயங்காலம் வந்தார். தேவைக்கு மேலயே வந்தார். நானும் தேவைக்கு மேலயே ரிகர்சல் வச்சேன். பாட்டு நல்லா வரணும்ல.

விழா அன்னிக்குக் காலையில என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. இங்கதான் அவர் பண்ணின அநியாயமே இருக்கு. கிரவுண்டுல பந்தல் போட்டிருக்கு. பிள்ளைங்களைக் கத்திக் கத்தி உக்கார வச்சதுல அவருக்குக் குரல் கட்டிடுச்சு. கீழ் ஸ்வரத்துக்குப் போனா காத்துதான் வருது. ஓடிவந்து, "ஒரு அரைக்கட்டை ஏத்துங்க டீச்சர், சமாளிச்சுடுவேன்"னார்.

அரைக்கட்டை ஏத்தறது எனக்கு ஒரு வேலையா? ஆனா அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. மத்த வாத்தியத்துக்கெல்லாம் கட்டத்துல மேல கீழன்னா ஸ்வரம். டிரம்ஸுக்கு அப்படி இல்ல. அங்க ஒவ்வொரு வரிசையும் ஒவ்வொரு வாத்தியம். லைன் வீடு மாதிரி வச்சுக்கோங்களேன். இந்த வீட்டுல டப்புன்னு அடிக்கற டிரம் குடியிருக்கு, அடுத்த வீட்டுல கைதட்டல். இந்தப் பக்கம் கிலுகிலுப்பை, அதுக்கு அடுத்த வீடு விசில். அதனால டிரம்ஸை மட்டும் விட்டுட்டு மத்ததைப் பிடிச்சுத்தான் ஏத்தணும். கண்ட்ரோல் ஏ போட்டுப் பாட்டு மொத்தத்தையும் ஏத்தினா எல்லாரும் ஒரு வீடு தள்ளிக் குடி போயிடுவாங்க.

இது எனக்குத் தெரியாதா? வருஷக்கணக்கா நான் பண்ற வேலை. ஆனா அன்னிக்கு அவர் டிராக் சூட் போடல. முதல் தடவையா ஒரு சட்டை போட்டு வந்தார். சந்தனக் கலர். இதே சட்டைதான். தலையெல்லாம் படிய வாரி, என் நாற்காலிக்குப் பின்னால குனிஞ்சு, காதுகிட்ட 'கலங்குது கலங்குது'ன்னு மெதுவாப் பாடிக் காட்டுறார், சுருதி சரியான்னு. அந்த நேரத்துல கண்ட்ரோல் ஏ போட்டேனா, பெட்டி போட்டேனா, யாருக்கு ஞாபகம்? மேல் அம்புக்குறியைத் தட்டினேன். ஆரம்பத்தை மட்டும் போட்டுப் பார்த்தோம். புல்லாங்குழல், வயலின், எல்லாம் அழகா இருந்துச்சு. டிரம்ஸ் சரணத்துலதானே வரும், அது வரைக்கும் யார் கேட்டா? தப்பு யார் மேலன்னு நீங்களே சொல்லுங்க. ஒரு மனுஷன் குனிஞ்சு நின்னு பாடினா யாருக்குத்தான் கை ஒழுங்கா வேலை செய்யும்?

இது அய்யலூரா? கண்டக்டர் விசில் ஊதிட்டாரா? இருங்க, உக்காந்துடறேன். ஒண்ணுமில்ல, விசில் கேட்டா எனக்குக் கால் தன்னால எந்திரிக்கும். சிரிக்காதீங்க, அந்தக் கதைக்குத்தான் வர்றேன்.

எங்க ஸ்கூல்ல ஒரு பழக்கம். பி.டி. சார் ஒரு சின்ன விசில் கொடுத்தா உக்காந்திருக்கற பிள்ளைங்க எந்திரிக்கணும். இன்னொரு சின்ன விசில் கொடுத்தா உக்காரணும். எல்.கே.ஜி.யில இருந்து பிளஸ் டூ வரைக்கும் இது ரத்தத்துல ஊறிப்போச்சு. டீச்சர்ஸ் எங்களுக்கும்தான். தூக்கத்துல ஊதினாக்கூட எந்திரிச்சுடுவோம். இப்ப உங்களுக்குப் புரிஞ்சிருக்குமே. புரிஞ்சுடுச்சா? வாயை மூடிக்கிட்டுச் சிரிக்கறீங்க, புரிஞ்சுடுச்சு.

மேடை மேல மேடம் பட்டுப்புடவையில, சந்தன மாலையோட உக்காந்திருக்காங்க. முகம் வழக்கம் போல பூட்டின கதவு. பக்கத்துல கரஸ்பாண்டென்ட் சார், மேடம் கண்ணையே பார்த்துக்கிட்டு. கீழ மொத்தப் பிள்ளைங்களும் மண்ணுல வரிசையா. பின்னால பேரண்ட்ஸ். இவர் மைக்கைப் பிடிச்சுப் பல்லவி பாடினார். பந்தல்ல ஒரு சத்தமில்ல. தமிழய்யா கர்ச்சீப் எடுத்துட்டார். எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு. மேடம் உதடு லேசா ஆடின மாதிரிகூட இருந்துச்சு.

சரணம் வந்துச்சு. டப்புன்னு வர வேண்டிய இடத்துல பளார் பளார்னு கைதட்டு. அடுத்த அடி ஆரம்பத்துல, பெருமூச்சு வர வேண்டிய இடத்துல, ஸ்பீக்கர்ல இருந்து காது கிழியற மாதிரி 'ப்ரீக்'னு ஒரு விசில்.

பந்தல் மொத்தமும் எந்திரிச்சு நின்னுச்சு.

மேடம், பிள்ளைங்க மரியாதைக்கு எந்திரிச்சிருக்காங்கன்னு நினைச்சுக் கை கூப்பினாங்க. அதுக்குள்ள அடுத்த அடி, ப்ரீக், எல்லாரும் தொப்புன்னு உக்காந்தாச்சு. மேடம் கையைக் கீழ போட்டாங்க. ப்ரீக், எந்திரிச்சாச்சு. மேடம் மறுபடி கை கூப்பினாங்க. கரஸ்பாண்டென்ட் சார், இது ஏதோ சம்பிரதாயம், தான் மட்டும் உக்காந்திருந்தா நல்லாயிருக்காதுன்னு அவரும் எந்திரிச்சார், அவரும் உக்காந்தார். நடுவுல கைதட்டு வேற. கைதட்டுச் சத்தம் கேட்டா பிள்ளைங்க சும்மா இருக்குமா? அதுங்களும் சேர்ந்து தட்ட ஆரம்பிச்சிடுச்சு. இவர் உருகி உருகி 'பிரிவினில் துடிக்குது உள்ளம்'னு பாடறார், பிள்ளைங்க தட்டுது, விசில் அடிக்குது. மேடம் எப்படா போவாங்கன்னு ஊரே கொண்டாடற மாதிரி இருக்கு.

இவர் கழுத்தைத் தடவிப் பார்க்கறார். சட்டை போட்டு வந்ததால விசில் கழுத்துல இல்ல. வாய்ல பாட்டு, விசில் எங்கிருந்து வருதுன்னு அவருக்கே தெரியல. பேரண்ட்ஸ் எல்லாம் இவர் பாடிக்கிட்டே விசிலும் அடிக்கறார்னு வாயைப் பொளந்து பார்க்கறாங்க.

நான் லேப்டாப் மேல குனிஞ்சேன். பாட்டை நிறுத்தலாம்னு கை போச்சு. நிறுத்தினா அதோட அபாகஸ்தான். அப்புறம் தோணுச்சு, பாட்டு ஓடும்போதே திருத்தலாமே. டிரம்ஸ் பக்கம் போய், இப்படி, மூலையில இருந்து மூலைக்கு இழுத்துப் பெட்டி போட்டேன். மிச்சம் இருக்கற டிரம்ஸ் குச்சி எல்லாம் சிவப்பாச்சு. கீழ் அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினா போதும். எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குத் திரும்பிடுவாங்க. கைதட்டு டிரம் ஆகும், விசில் கிலுகிலுப்பை ஆகும், மறுபடி அழுகைப் பாட்டு. விரலை வச்சுட்டேன் அக்கா.

வச்சுட்டு மேடையைப் பார்த்தேன். மேடம் உதட்டைக் கடிச்சுக்கிட்டு இருக்காங்க. சந்தன மாலை குலுங்குது. கூப்பின கை கூப்பினபடி ஆடுது. இன்னொரு ப்ரீக். எல்.கே.ஜி. வரிசை இப்ப எந்திரிக்கணுமா உக்காரணுமான்னு குழம்பி, பாதி எந்திரிச்சு பாதி உக்காந்து ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துச்சு. அவ்வளவுதான், மேடத்துக்கு உடைஞ்சு போச்சு. அந்த அம்மாவுக்குப் பல் இருக்கறதையே நாங்க அன்னிக்குத்தான் பார்த்தோம். கண்ணாடியைக் கழட்டிட்டு, நாற்காலிக் கையைப் பிடிச்சுக்கிட்டு, சத்தம் போட்டுச் சிரிக்கறாங்க.

நான் இவரைப் பார்த்தேன். இவர் பாடிக்கிட்டே என்னைப் பார்த்தார். அவருக்கு அந்த நிமிஷம்தான் விஷயம் புரிஞ்சிருக்கு. 'வேண்டாம், விட்டுடுங்க'ன்னு தலையை ஆட்டினார். அவர் கண்ணுல சிரிப்பு வழியுது, ஆனா குரல் ஒரு இழை நடுங்கல. சுருதி அப்படியே நிக்குது. எனக்கு அப்ப என்னமோ ஆயிடுச்சு அக்கா.

கீழ் அம்புக்குறியை நான் தட்டல. அதுக்குப் பதிலா என்ன பண்ணினேன்னு கேட்டா நீங்க அடிக்க வருவீங்க. கடைசிப் பல்லவியில விசில் குச்சிகளை மட்டும் பெட்டி போட்டு, காப்பி எடுத்து, நடுவுல நடுவுல ஒட்டினேன். வேணும்னு பண்ணல, கை தன்னால போச்சு. இப்ப அடிக்கு ஒரு விசில் இல்ல, அடிக்கு ரெண்டு. எந்திரி உக்காரு, எந்திரி உக்காரு. பந்தலே பொரி பொரியற மாதிரி குதிக்குது. பேரண்ட்ஸ் எந்திரிச்சு உக்கார்றாங்க. தமிழய்யா கர்ச்சீப்பை ஆட்டிக்கிட்டே எந்திரிச்சு உக்கார்றார். மேடமும், அக்கா, எங்க பத்மாசனி மேடமும் மாலையைக் கையில பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு உக்காந்தாங்க. கண்ணுல இருந்து தாரை தாரையாத் தண்ணி.

பாட்டு முடிஞ்சுது. யாருக்கும் மூச்சு வாங்கி முடியல. மேடம் முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு மைக்குக்கு வந்தாங்க. நீளமா எழுதி வச்சிருந்த பேச்சை மடிச்சுப் பையில வச்சுட்டாங்க. கரஸ்பாண்டென்ட் சாரைத் திரும்பிப் பார்த்து, "என்னை அழ வைக்கச் சொல்லியிருந்தீங்களாமே. இதோ, துடைக்கத் துடைக்க வருது. வசுமதியோட பீரியடைக் கொடுத்துடுங்க சார்"னு சொன்னாங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நான் லேப்டாப்புக்குப் பின்னால முகத்தை மறைச்சுக்கிட்டு அழுதேன். சந்தோஷத்துலதான்.

இப்படி எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதேன்னு நினைக்காதீங்க. இனிமேதான் என் குறையே. கரஸ்பாண்டென்ட் சாருக்கு அந்தக் கூத்து ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பாட்டு இருக்கட்டும், ஆனா இனிமே பாட்டும் டிரில்லும் சேர்ந்துதான், ரெண்டு டீச்சரும் ஒண்ணா கிரவுண்டுல நின்னு நடத்தணும்னு உத்தரவு போட்டுட்டார். மின்விசிறிக்குக் கீழ உக்காந்து பாட்டு சொல்லிக் கொடுத்தவளை வெயில்ல கொண்டு நிறுத்திட்டாங்க. யாரால? இந்த மனுஷன் அரைக்கட்டை கேட்டதால.

என் முகத்தைப் பாருங்க, எப்படிக் கறுத்திருக்கு. போதாக்குறைக்குக் குடை வாங்கிட்டு வந்து எனக்குப் பிடிக்கறார், பிள்ளைங்க முன்னாடி. பிளஸ் டூ பசங்க இருமறாங்க. ஸ்பீக்கரை நான் தூக்கப் போனா பிடுங்கிட்டுப் போயிடறார். எனக்குத் தூக்கத் தெரியாதா? என் பானையில தண்ணி தீர்ந்தா நான் வர்றதுக்கு முன்னாடியே நிரப்பி வச்சிருக்கார், நான் நிரப்ப விடறதே இல்ல. நான் புதுப் பாட்டு போட்டா, கேட்டுட்டு உடனே நல்லாயிருக்குன்னு சொல்ல மாட்டார். கிரவுண்டை ஒரு சுத்து நடந்துட்டு வந்து, எந்த இடத்துல வயலின் கொஞ்சம் முந்துதுன்னு சொல்வார். சரியா அந்த இடத்துலதான் முந்தியிருக்கும். இப்படி ஒரு ஆளோட ஆயுசுக்கும் எப்படி இருக்கறது, சொல்லுங்க. காலையில எழுந்ததுல இருந்து சிரிச்சுக்கிட்டே இருக்கணும். தாடை வலிக்காதா?

நான் நியாயம் கேக்கறேன், நீங்க என் பையையே பார்க்கறீங்க. அது புதுப்புடவை. சும்மா எடுத்தேன். மாம்பழக் கலர். சந்தனக் கலருக்குப் பக்கத்துல எடுப்பா இருக்கும்னு கடைக்காரர் சொன்னார். எதுக்குச் சந்தனக் கலர்னு அவர் கேக்கல, நானும் சொல்லல.

வையம்பட்டி எப்ப தாண்டினோம்? இதென்ன, மணப்பாறை வந்துடுச்சா? அதுக்குள்ளயா? இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கும்னு நினைச்சேனே.

விசில் ஊதிட்டார்.

ஐயோ, எந்திரிச்சுட்டேன். பழக்கம் அக்கா, பழக்கம். அவரும் எந்திரிச்சுட்டார் பாருங்க. அவர் இறங்கணும், எந்திரிக்கறார். நான் எதுக்கு எந்திரிச்சேன்? உக்காந்துடலாம். இன்னொரு விசில் வந்தா தன்னால உக்காந்துடுவேன்.

திரும்பிப் பார்க்கறாரே. நான் நிக்கறதைப் பார்த்துட்டார். முகத்தைப் பாருங்க அக்கா, எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி ஆகிட்டார். எந்திரிக்கணுமா உக்காரணுமான்னு தெரியாம நிக்கறார். வெளிய அந்தத் தூண்கிட்ட பச்சைப் புடவையில ஒரு அம்மா, ஒவ்வொரு ஜன்னலா எட்டிப் பார்த்துக்கிட்டு நிக்கறாங்களே, அவங்களாத்தான் இருக்கும். அதே மூக்கு.

அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க. லேப்டாப்பைப் பிடிங்க, இல்ல, கொடுங்க, நானே வச்சுக்கறேன். என் பொட்டு நடுவுல இருக்கா? இருக்கா? டிக்கெட் திருச்சி வரைக்கும் இருக்கு, போனாப் போகுது. கொஞ்சம் தள்ளுங்க அண்ணே, வழி விடுங்க.

கண்டக்டர் அண்ணே, இன்னொரு விசில் ஊதிடாதீங்க. ஆள் இறங்கணும்.